நவம்பர் 1: கேரள வரலாற்றில் அன்று நடந்தது எது, நடக்காதது எது?

கேள்வி கேட்டவர் பாலக்காடு மாவட்டத் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை. நவம்பர் 1 காலை அசெம்பிளியில் ‘கேரள வரலாற்றில் இந்த நாள்’ என்று ஐந்து நிமிடம் தமிழில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலைப் போட்டு, இதெல்லாம் சரிதானா என்று கேட்கிறார். பட்டியலில் இருப்பவை: கேரளம் பிறந்தது, ஆந்திரப் பிரதேசம் பிறந்தது, குமரி தமிழகத்தோடு இணைந்தது, திருத்தணி கிடைத்தது, மாஹே விடுதலை, குருவாயூர் சத்தியாகிரகம், கோயில் நுழைவுப் பிரகடனம், இ.எம்.எஸ். முதல்வரானது, வயநாடு மாவட்டம் உருவானது. டீச்சர், கடைசியில் நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “தமிழ்ப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.” உங்கள் கேள்வியே அந்த வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் பட்டியலைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவன் இல்லை. சட்டத்தையும் கெசட்டியரையும் பாடநூலையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் தேடியவன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் அசைக்க முடியாதது. மாநில மறுசீரமைப்புச் சட்டம், 1956ஆம் ஆண்டின் 37ஆவது சட்டம். குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் கொடுத்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 31. நடைமுறைக்கு வரும் நாள் என்று சட்டமே குறித்து வைத்த தேதி நவம்பர் 1. அன்று வியாழக்கிழமை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் கழிந்தன. சென்னை மாநிலத்திலிருந்து மலபார் மாவட்டமும், தென் கன்னட மாவட்டத்தின் காசர்கோடு தாலுகாவும் வந்து சேர்ந்தன. இந்தக் கூட்டல் கழித்தலின் விடைதான் கேரளம். ஆகவே கேரளம் பிறந்ததும் குமரி இணைந்ததும் பட்டியலில் இருக்கிறபடி இரண்டு நிகழ்ச்சிகள் அல்ல. ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள். திருவனந்தபுரத்தில் பிறந்தநாளாகவும் நாகர்கோவிலில் தாயகம் சேர்ந்த நாளாகவும் ஒரே தேதி கொண்டாடப்படுவதற்குக் காரணம் இதுதான். நான்கு தெற்குத் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பட்டியல் எழுதுகிறவர்கள் ‘குமரி’ என்று ஒரே சொல்லில் முடித்து, செங்கோட்டையை எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

அதே சட்டத்தில்தான் ஆந்திரப் பிரதேசமும் வருகிறது. ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1 அன்றே கர்நூலைத் தலைநகராக வைத்து உருவாகிவிட்டது. முதல்வர் தங்குதூரி பிரகாசம். 1956 நவம்பர் 1 அன்று நடந்தது, ஹைதராபாத் மாநிலத்தின் தெலுங்குப் பகுதி அதோடு சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது. ஆனால் திருத்தணி இந்த நாளில் இல்லவே இல்லை. அது 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும் நேசமணியின் தெற்கெல்லைப் போராட்டமும் மேடைகளில் ஒரே மூச்சில் பேசப்படுவதால், இரண்டும் ஒரே தேதிக்குள் விழுந்துவிட்டன போலும். இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட ஒன்பது தாலுகாக்களில் வரும் சித்தூர் நம்முடைய சித்தூர், கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர். வேலூருக்கு வடக்கே ஆந்திரத்தில் இருக்கும் சித்தூர் வேறு. பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள், வரைபடத்தில் இரண்டையும் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

மாஹே விடுதலைக்கும் நவம்பர் 1க்கும் தொடர்பு பாதி உண்மை. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்த நாள் 1954 நவம்பர் 1. ஆனால் மாஹேக்காரர்கள் விடுதலை நாள் என்று கொண்டாடுவது 1954 ஜூலை 16ஐ. பிரெஞ்சு நிர்வாகி அன்றே கிளம்பிவிட்டார். சட்டப்படியான முழு ஒப்படைப்போ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. தவிர, மாஹே கேரள மண்ணுக்கு நடுவே இருந்தாலும் புதுச்சேரியைச் சேர்ந்தது. ‘கேரள வரலாற்றில்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு அதைச் சொல்வது கொஞ்சம் இடிக்கும்.

கோயில் நுழைவுப் பிரகடனம் நவம்பர்தான், ஆனால் 12ஆம் தேதி. 1936இல், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளில் வெளியானது. அதுவும் திருவிதாங்கூருக்கு மட்டும். அன்றைய நம் சித்தூர் கொச்சி ராஜ்யம், பாலக்காடு சென்னை மாகாணம். அந்தப் பிரகடனத்தால் நம் ஊர்க் கோயில் கதவு எதுவும் திறக்கவில்லை. இ.எம்.எஸ். விஷயம் இன்னும் தூரம்: அவர் பதவியேற்றது 1957 ஏப்ரல் 5. கேரளம் பிறந்த அன்று அதற்கு முதல்வரே கிடையாது. திருவிதாங்கூர்-கொச்சியில் 1956 மார்ச் மாதமே அமைச்சரவை கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருந்தது. புது மாநிலமும் அந்த ஆட்சியின் கீழேயே கண் திறந்தது. ராஜப்பிரமுகராக, அதாவது ஆளுநருக்குச் சமமான பதவியில், இருந்த சித்திரைத் திருநாளின் பதவி அக்டோபர் 31 அன்று முடிந்தது. பி.எஸ். ராவ் தற்காலிக ஆளுநராக இருந்தார். நவம்பர் 22ஆம் தேதி ஆளுநராக வந்தவர் பூர்குல ராமகிருஷ்ண ராவ். இவர் யார் என்று பார்த்தால், அதே நவம்பர் 1 அன்று இல்லாமல் போன ஹைதராபாத் மாநிலத்தின் முதல்வர்! தன் மாநிலம் மறைந்த நாளில் பிறந்த இன்னொரு மாநிலத்துக்கு ஆளுநராக வந்திருக்கிறார். ஆந்திரத்தையும் கேரளத்தையும் ஒரே வரியில் இணைக்க வேண்டுமானால் திருத்தணியை விட இது நல்ல இணைப்பு.

கேரள உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில் கே.டி. கோசியைத் தலைமை நீதிபதியாகக் கொண்டு தொடங்கியதும் 1956 நவம்பர் 1தான். இது பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்ளலாம்.

குருவாயூர் பட்டியலில் சரியாக இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசை, ஏனென்றால் நவம்பர் 1இல் யாரும் திட்டமிட்டு இந்தக் கூட்டத்தோடு சேர்க்காத நிகழ்ச்சி அது ஒன்றுதான். 1931 நவம்பர் 1 அன்று, எல்லாச் சாதியினரையும் குருவாயூர்க் கோயிலுக்குள் விட வேண்டும் என்று கே. கேளப்பன் தலைமையில் சத்தியாகிரகம் தொடங்கியது. தொண்டர் படைக்குத் தலைவர் ஏ.கே. கோபாலன். பி. கிருஷ்ண பிள்ளை உள்ளே போய், பிராமணர் மட்டுமே அடிக்கலாம் என்றிருந்த மணியை அடித்தார். கோயில் காவலாளிகள் முதுகில் அடித்தார்கள், அவர் மணியை விடவில்லை. ஏ.கே.ஜி.யும் அடிபட்டார். 1932 செப்டம்பரில் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்து, காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில் அக்டோபர் 2 அன்று முடித்தார். பொன்னானி தாலுகாவில் இந்துக்களிடையே வாக்கெடுப்பு எடுத்ததில் பெரும்பான்மை கோயில் நுழைவுக்கு ஆதரவாக வந்தது. ஆனாலும் கோயில் எல்லோருக்கும் திறக்க 1947 ஆனது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அன்றைய குருவாயூர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். சென்னைக் கோட்டையிலிருந்து ஆளப்பட்ட ஊரில் நடந்ததை ‘கேரள வரலாறு’ என்று சொல்வதில் தவறில்லை. அதே கணக்கில் நம் பக்கத்துக் கதைகள் சென்னை மாகாண வரலாறும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கேளப்பன் இன்னொரு வகையிலும் இந்த நாளுக்கு வேண்டியவர். 1947 ஏப்ரலில் திருச்சூரில் கூடிய ஐக்கிய கேரள மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். கொச்சி மகாராஜாவே வந்து ஆதரித்துப் பேசிய மாநாடு அது. ஆக 1931 நவம்பர் 1இல் சத்தியாகிரகம் தொடங்கியவர், 1956 நவம்பர் 1இல் முடிந்த இன்னொரு வேலையிலும் முன்னால் நின்றிருக்கிறார். தேதி ஒத்துப்போனது தற்செயல், ஆள் ஒன்றாக இருந்தது தற்செயல் இல்லை.

வயநாடு சரி: 1980 நவம்பர் 1. பத்தனம்திட்டா மாவட்டமும் 1982 நவம்பர் 1. திரூரில் மலையாளப் பல்கலைக்கழகம் 2012 நவம்பர் 1. இவையெல்லாம் அரசு வேண்டுமென்றே அந்த நாளில் வைத்தவை. நம் வீடுகளில் நல்ல காரியத்தை வளர்பிறையில் வைப்பது மாதிரி, அரசுகளுக்கு நவம்பர் 1. 2025 நவம்பர் 1 அன்று முதல்வர் பினராயி விஜயன், அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் கேரளம் என்று அறிவித்ததும் அப்படித்தான். அறிவிப்பு வந்தது உறுதி. அதன் அளவுகோல் சரிதானா என்று எதிர்க்கட்சிகளும் பொருளாதார அறிஞர்கள் சிலரும் கேள்வி எழுப்பியதும் உறுதி. அசெம்பிளியில் இரண்டையும் சொல்ல நேரம் இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள், ஒன்றை மட்டும் சொல்ல வேண்டாம். மைசூர் என்ற பெயர் கர்நாடகம் ஆனதும், லட்சத்தீவுக்கு இந்தப் பெயர் வந்ததும் 1973 நவம்பர் 1. ஹரியானா 1966, சத்தீஸ்கர் 2000. இவற்றின் பெயரைச் சொன்னால் போதும்.

இனி தமிழ்ப் பிள்ளைகள் விஷயம். நவம்பர் 1இன் கதை நவம்பர் 1இல் நடக்கவில்லை, அதற்கு முன்னால் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே அந்த அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். இறந்தவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. மேடையில் எண் சொல்லாதீர்கள், ஊரும் தேதியும் சொன்னால் போதும்.

கேட்டது ஒன்பது தாலுகா: அந்த நான்கு தெற்குத் தாலுகாக்கள், செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று கொடுத்த அறிக்கையில் முதல் ஐந்தைத் தமிழர் பக்கம் சேர்க்கச் சொன்னது. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் அதிகம் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பகுதி எஸ்டேட் வேலைக்கு வந்து போகிறவர்கள் என்றும், அந்த மலைப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்குத் தேவை என்றும் வாதம் வைத்தது. மூணாறு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களிடம் ‘வந்து போகிறவர்கள்’ என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். முல்லைப் பெரியாறு அணை பீர்மேட்டில் இருப்பதால், அன்று போட்ட கோட்டின் கதை இன்று வரை கோர்ட்டில் ஓடுகிறது. நம் ஆற்றுக்கும் இதே கதைதான். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் என்று பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் சொல்வது, நடுவில் ஒரு மாநில எல்லை விழுந்ததால்தான்.

சந்தேகத்துக்கு இடமானவை இரண்டு. பணிக்கர் மலையாளி என்பதால்தான் தேவிகுளமும் பீர்மேடும் போயின என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவர் மலையாளி என்பது உண்மை. அதனால்தான் முடிவு அப்படி வந்தது என்பது ஊகம், மூவரும் கையெழுத்திட்ட அறிக்கை அது. அடுத்தது, ‘மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது’ என்று காமராஜர் சொன்னதாக நடமாடும் வாக்கியம். எந்த ஊரில், எந்த நாளில் சொன்னார் என்று காட்டாமலே அதை எடுத்துப் போடுகிறார்கள். இந்த இரண்டையும் டீக்கடையில் பேசலாம், அசெம்பிளியில் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் காற்றில் போகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய நிலப் பத்திரம் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு ஜெராக்ஸ் கொண்டுவரச் சொல்லுங்கள். சித்தூர் தாலுகா ஒரு விசித்திரமான துண்டு. கொச்சி ராஜ்யத்தின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல், மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே தனியாகக் கிடந்தது. 1949 ஜூலை 1 வரை கொச்சி. அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 முதல் கேரளம், ஆனால் மாவட்டம் திருச்சூர். 1957 ஜனவரி 1 அன்று மலபாரை மூன்றாகப் பிரித்துப் பாலக்காடு மாவட்டம் அமைத்தபோதுதான் பாலக்காட்டோடு சேர்ந்தது. அதே வயல், அதே வரப்பு. முத்திரைத்தாளின் தலைப்பு மட்டும் எட்டு வருடத்துக்குள் மாறிக்கொண்டே போகும். தேதி பெரும்பாலும் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில், இருக்கும். ஆங்கில வருடம் வேண்டுமானால் சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (நம் ஆடி) முடிய 825ஐயும் கூட்டுங்கள். 1132 துலாம் மாதம் என்று இருந்தால் அது 1956 அக்டோபர்-நவம்பர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கை நம்மை விட வேகமாகப் போடுவார்கள்.

கேரள உடையான செட்டுமுண்டு கட்டி வரும் பிள்ளைகளைப் பார்த்து, நாம் தமிழர்கள், கேரளப்பிறவி (கேரளம் பிறந்த நாள்) நமக்கு எதற்கு என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது முணுமுணுப்பார்கள். என் கருத்து, கொண்டாடலாம். இந்த மாநிலத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் கொடுக்கிறது. மலையாள மொழி உறுதிமொழி எடுக்கும் அதே நாளில் இந்த உரிமையையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், யாருக்கும் உறுத்தாது. எல்லை கிழித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவை வேண்டுமானால், பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குமாரகோவில் முருகனும் திருவனந்தபுரம் போகும்போது, களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்து அனுப்பி ஏற்றுக்கொள்கிறது.

தமிழ்நாட்டு உறவினர்கள் யாராவது ‘இன்று தமிழ்நாடு நாள்’ என்று வாழ்த்து அனுப்பினால் குழம்ப வேண்டாம். 2019இல் தமிழக அரசு நவம்பர் 1ஐத்தான் அப்படி அறிவித்தது. 2021இல் வந்த அரசு, பேரவையில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய 1967 ஜூலை 18ஐக் கணக்கில் எடுத்து, நாளை ஜூலை 18க்கு மாற்றிவிட்டது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்கும் நாளாகத் தொடர்கிறது. ஆந்திரத்திலும் 2014இல் தெலங்கானா பிரிந்த பிறகு எந்த நாளைக் கொண்டாடுவது என்று ஆட்சிக்கு ஆட்சி மாறியது.

ஐந்து நிமிடத்துக்கு என் யோசனை: சட்டமும் கூட்டல் கழித்தலும் ஒரு நிமிடம், குருவாயூர் ஒரு நிமிடம், 1954உம் ஒன்பது தாலுகாவும் இரண்டு நிமிடம், மீதி சித்தூர்ப் பத்திரம். ஒன்பது தாலுகாப் பெயர்களை மலையாளப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நிற்கும் கூட்டத்தில் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். ‘பறிகொடுத்தோம்’, ‘மீட்டோம்’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, கேட்டது இது, கிடைத்தது இது என்று சொல்லுங்கள். நேரம் போதவில்லையென்றால் ஹரியானாவை முதலில் வெட்டுங்கள், அப்புறம் சத்தீஸ்கரை.